சொல்லாமல் விட்ட பாதி

நான் சணல் கட்டுகளைக் கால்வாயில் அலசிக்கொண்டிருந்தபோது கூமிஷ் வந்து எதிரே நின்றாள். மூன்று வாரமாக என் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனவள்.

"அக்கா, நாளைக்குக் காலைல ரபி உங்களக் கூப்பிடுவாரு. என் நிச்சயப் பேச்சு யார் வாயிலேர்ந்து கிளம்புச்சுன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சாங்க. கடைசில உங்க வாசல்ல வந்து நிக்குது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். ராஜாவின் ஆட்கள் கால்வாய் வெட்டப் பிடித்துக்கொண்டு போன அவள் அண்ணன் ஒன்றரை வருஷம் கழித்து உயிரோடு திரும்பினான். கூட்டி வந்தவன் ஸூத்ரா என்ற படகுக்காரன். பொழுது சாயும் முன்பே அந்த வீட்டில் விளக்கேற்றினார்கள், கட்டில்களுக்கு விரிப்பு போட்டார்கள், ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். வாசலில் நின்ற ஸூத்ராவுக்குக் கூமிஷ் கிண்ணத்தில் பேரீச்சம்பழம் நீட்டினாள். நான் தெருவில் தக்ளியைச் சுழற்றி நூற்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நூற்றுக்கொண்டிருந்த சீசின், "என்னடி அங்க கூட்டம்?" என்றாள். "கூமிஷுக்கு இன்னிக்கு நிச்சயமாம், மாப்பிள்ளை படகுக்காரனாம்" என்றேன். விளையாட்டுக்குத்தான். அண்ணன் வந்ததற்கு விருந்து என்று அடுத்த மூச்சில் சொல்லத்தான் இருந்தேன். சீசினின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. மறுநாள் அண்ணன் வந்த செய்தி ஊருக்கே தெரிந்தது. அதனால் என் பேச்சு சாகவில்லை, கொழுத்தது. மீட்டு வந்தவனுக்கே தங்கையைக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

பிறகு ஹில்கியா பெண் கேட்டு வந்தான். கூமிஷுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அப்போதுதான் பழைய பேச்சு எழுந்து குறுக்கே நின்றது. எங்கள் யூத ஊரில் நிச்சயம் என்றாலே பாதிக் கல்யாணம், பரவிவிட்ட நிச்சயப் பேச்சை வழக்குத் தீர்க்கும் ரபி ஒதுக்கித் தள்ளமாட்டார். அந்தப் படகுக்காரனிடம் உறவை முறிக்கும் தள்ளுதற்சீட்டு வாங்கிவிடு என்பார். ஸூத்ரா சிரித்துக்கொண்டே தரத் தயார்தான். ஆனால் ஹில்கியா கோயில் குருமார் வழிவந்த ஆசாரிய வம்சம், சீட்டு வாங்கியவளை அவன் கட்டக்கூடாது. பேச்சோடு, அது விளையாட்டு, விருந்து அண்ணன் வந்ததற்கு என்ற காரணமும் சேர்ந்தே கிளம்பியிருந்தால் மட்டும்தான் அந்தப் பேச்சு செல்லாது.

"என்னை என்ன சொல்லச் சொல்றே?"

"எதையும் சொல்லுங்கன்னு கேக்க வரல. வராம மட்டும் இருந்துடாதீங்க."

அவள் போன பிறகு அலசிய கட்டையே மறுபடி மறுபடி அலசினேன். கல்யாணமானவள் தெருவில் நின்று நூற்றால் புருஷன் அவளுக்கும் சீட்டு எழுதி, சேரவேண்டிய பணம் தராமல் வெறுங்கையோடு அனுப்பலாம். என் கணவர் ரஹ்பா இரண்டு தடவை என்னை எச்சரித்திருந்தார், சாட்சி வைத்தே.

மறுநாள் ரபி நஹூமியின் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. ரஹ்பா தூணோரமாக நின்றார்.

"எங்க வெச்சும்மா சொன்னே?" என்று ரபி கேட்டார்.

"தெருவுல. நூத்துக்கிட்டு இருந்தேன்."

பின்னால் முணுமுணுப்பு கேட்டது. ரஹ்பாவின் பக்கம் நான் திரும்பவில்லை.

"காரணத்தையும் சேத்துச் சொன்னியா?"

"சொன்னேன். சும்மா வெளாட்டுக்கு, அண்ணன் வந்ததுக்குத்தான் விருந்துன்னு அதே மூச்சுல சொன்னேன்."

ரபி சீசினை முன்னே வரச் சொன்னார். அடுப்புச் சாம்பல் கொட்டும் தகராறில் எங்களுக்குள் ஒரு வருஷப் பகை, அன்று தெருவில் பேசியதே அதிசயம். சீசின் என்னைப் பார்த்தாள், கூமிஷைப் பார்த்தாள், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொன்னா. நான்தான் அந்தப் பாதிய முழுங்கிட்டேன். அதையும் சேத்துச் சொன்னா சப்புன்னு இருந்துச்சு, ரபி."

யாரோ சிரித்தார்கள். ரபி சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நிக்காத பேச்சு. பொண்ணு இஷ்டப்பட்டவனக் கட்டிக்கலாம்" என்றார்.

வெளியே வந்து சீசினின் கையைப் பிடித்தேன். "ஏன்டி?"

"ஏன்னா? நீ சொன்னதத்தானே சொன்னேன்" என்று கையை உதறிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஒருவேளை சொல்லித்தான் இருந்தேனோ என்று எனக்கே குழம்பியது.

வீட்டுக்குப் போகும் வழியில் ரஹ்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "நூத்தது நெசம். மத்தது?" நான் நடையை எட்டிப் போட்டேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், ஜெபத்துக்குப் போனார். நான் ஒவ்வொரு நாளும் ஒரு பாத்திரத்தைக் கைநழுவ விட்டேன்.

புதன்கிழமை நடுப்பகலில் கூமிஷின் கல்யாண ஊர்வலம் வந்தது. கன்னி மணப்பெண்ணுக்கு உரிய வழக்கப்படி பல்லக்கில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்து உதடு அசைத்தாள், மேளத்தில் கேட்கவில்லை. அதே நேரம் தெருவுக்கு அந்தப் பக்கம் ரஹ்பா நடந்து போவதைக் கண்டேன். அங்கே என் நூலுக்குச் சாயம் போடும் சாயக்காரர் வீடும் தள்ளுதற்சீட்டு எழுதுகிற எழுத்தர் வீடும் ஒட்டினாற்போல இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். எந்த வாசலில் நுழைகிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். ஆடிக்கொண்டு வந்த ஆண்களின் கைகளில் பச்சைக் கிளைகள் தலைக்கு மேல் உயர்ந்து, இறங்கி, மறுபடி உயர்ந்து தெருவின் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டே இருந்தன.