பேர் தெரியாத கிருமி

செயற்கை மூட்டு வைத்த நாளிலிருந்தே என் வலது முழங்கால் வீங்கி, சுட்டுக்கொண்டு கிடந்தது. “எல்லாம் உங்க மனப்பிரமை அண்ணி” என்றாள் நாத்தனார். மனப்பிரமைக்கு வீக்கம் வருமா? நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தடுமாறும்போது என் பக்கத்து பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் இது.

முன்பு முழங்காலிலிருந்து நீர் எடுத்து லேபில் வைத்துப் பார்த்தபோது அதில் கிருமி ஒன்றும் வளரவில்லை. நான் அப்போது ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“மருந்துக்குப் பயந்து கிருமி பதுங்கியிருக்கும்” என்றார் எலும்பு டாக்டர். “ரெண்டு வாரம் மாத்திரைய நிறுத்திட்டு வாங்க, மறுபடி எடுப்போம். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே ஓடி வந்துடணும்.”

எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. இல்லாவிட்டால் காலே போகலாம். நிறுத்தினேன். வீடே எதிர்க்கட்சி ஆகிவிட்டது. நான் முனகும்போதெல்லாம் நாத்தனார் மாத்திரை அட்டையை நீட்டுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நீர் எடுக்கப் போன அன்று, டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “மாத்திரை எதுவும் போடலியே?”

“ஒண்ணுகூட இல்ல” என்றேன் பெருமையாக.

பக்கத்தில் நின்ற என் கணவர் தரையைப் பார்த்தார்.

“நீ முனகுறத கேக்க முடியலம்மா. தினமும் பொடிச்சு உன் டீயில கலந்து குடுத்துட்டேன்.”

பாசமாம் பாசம்! டாக்டர் மட்டும் இல்லையென்றால் அங்கேயே அவரைத் துவைத்துக் காயப்போட்டிருப்பேன்.

“இப்ப எடுத்தா மறுபடியும் ஒண்ணும் வளராம போகலாம். என்ன செய்யலாம்?” என்றார் டாக்டர்.

“முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்” என்றேன். “என் டீய இனிமே நானே போட்டுக்கிறேன். ஏங்க, என் முனகல் தாங்கலன்னா காதுல பஞ்ச வெச்சுக்குங்க.”

முனகினேன். அழுதேன். தலையணையைக் குத்தினேன். மாத்திரையை மட்டும் தொடவில்லை.

இந்த முறை எடுத்த நீரை லேபில் அவசரப்படாமல் பல நாள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு டாக்டரே போன் செய்தார். கிருமி வளர்ந்திருக்கிறது. கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் வாயில் கை வைத்தாள். வீடு இழவு விழுந்த மாதிரி ஆனது. எனக்கோ சிரிப்பு பொங்கியது.

“டாக்டர், அதோட பேர இன்னொரு தரம் சொல்லுங்க” என்றேன். “இத்தனை நாளா பேர் தெரியாதவன்கிட்ட அடி வாங்கினேன். இனிமே நான் குடுக்குறேன்.”