குட்டி கேட்ட கேபினட்

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதி வழியில் வந்து "ஏன் இவ்வளவு காரம்?" என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை போன் செய்தாள். "அக்கா, எரிஞ்சு போச்சு" என்றாள். அடுப்பை நினைத்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னது கம்ப்யூட்டரை. விளையாடுவதற்கென்று ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்து அவளே சேர்த்த கம்ப்யூட்டர். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது, திட்டத்தான் வரும். அதனால் போனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: "அவள் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டி ஏழு நிறத்தில் மின்னிக்கொண்டு..."

அடித்துவிட்டேன். அந்தப் பெட்டியை அழகாக வருணிக்கக் கை கூசுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "தங்கைக்கு நாற்பத்தொரு வயது. பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். வீட்டில் இன்னமும் எல்லோருக்கும் அவள் குட்டிதான்..."

தகவல் சரி. ஆனால் படித்தால் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டத் தோன்றுகிறது. அவள் பாவமெல்லாம் இல்லை. விளையாட்டில் அவள் கண்ணில் பட்ட எதிரி உயிரோடு திரும்பியதில்லை.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அது ஆண்களைப் பற்றிய கட்டுரையாகப் போய்விட்டது. கிழிக்கவில்லை, வேறு எங்காவது உதவும்.

3.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

குட்டி ஒரு நால்வர் அணியில் இருக்கிறாள். நால்வரும் பெண்கள், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் சேர்ந்து விளையாடுகிறவர்கள். கேப்டன் ஒரு நர்ஸ். முன்னால் ஓடிப்போய் எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று பார்த்துச் சொல்வது குட்டியின் வேலை. பார்த்துச் சொல்லவேண்டிய நேரத்தில் அவளுடைய பழைய லேப்டாப் உறைந்து நின்றுவிடும். பின்னால் வரும் மூவரும் சாவார்கள். இப்படியே பல தடவை. இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது கேப்டன் சொல்லிவிட்டாள்: "நல்ல மிஷினோட வா குட்டி. இல்லன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான். எனக்கும் கஷ்டமாதான் இருக்கு."

அப்படித்தான் புது கம்ப்யூட்டர் பேச்சு வந்தது. மற்ற பாகங்களெல்லாம் வந்து சேர்ந்தன. பாக்கி இரண்டு: கேபினட், பவர் சப்ளை.

[கேபினட் என்பது எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடும் பெட்டி. பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் அளந்து கொடுக்கும் கனமான சாதனம், பெட்டிக்குள் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். முன்னதை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னதை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கதை முழுக்க இதுதான் தகராறு.]

குட்டி கேட்ட கேபினட்டுக்கு முன்பக்கம் முழுக்கக் கறுப்பு வலை. காற்று தாராளமாகப் போகும், சூடு தங்காது. கேட்ட பவர் சப்ளை, கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கம்ப்யூட்டர் திடீரென்று மின்சாரத்தை இழுக்குமாம், அந்த நேரத்தில் கைவிடாத சரக்கு வேண்டும் என்றாள். கணவரோடு போய் ஆர்டர் கொடுத்தாள்.

"பையனுக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"ஓ... அப்ப இவ்ளோ வேண்டாமே. சாதாரணமா ஒண்ணு போதுமே. என்ன சார்?"

[அவளுக்குப் பையனே கிடையாது. அந்த "என்ன சார்?" இருக்கிறதே, அதற்குத் தனிக் கதை எழுதுவேன்.]

4.

இப்போது அவள் கணவர். இவரை வில்லனாக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வரைவில் மீசையை முறுக்கவிட்டேன், அவருக்கு மீசை கிடையாது. குரலை உயர்த்தவிட்டேன், அந்த மனிதர் நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். நல்லவர்களால் வரும் தொல்லையை எழுதுவது கஷ்டம்.

குட்டி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவரே கடைக்குப் போய்ச் சரக்கை எடுத்து வந்தார். சாயங்காலம் அவள் வந்து பார்த்தால் ஹாலில் மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு.

"நான் கேட்டது இது இல்லையே?"

"அது பாக்க சல்லடை மாதிரி இருந்துச்சும்மா. ஹால்ல வைக்கிற பொருளு, நாலு பேரு வந்து பாப்பாங்க."

"பவர் சப்ளை?"

"அது உள்ளதானே கெடக்கப்போகுது, யாரு பாக்கப்போறா? அதுல கொஞ்சம் கொறச்சு இதுல போட்டேன்."

"மாத்திடலாமாங்க?"

"ஆசையா வாங்கிட்டு வந்தேன்."

அதோடு பேச்சு முடிந்தது. "ஆசையா வாங்கிட்டு வந்தேன்" என்ற வாக்கியத்துக்கு இதுவரை எந்த வீட்டிலும் யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆடைக்கே முக்கால் போய்விட்டது.

5.

சனிக்கிழமை முதல் ஆட்டம். குட்டி முன்னால் ஓடினாள். மாடியில் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்தாள். "மாடி..." என்றாள். கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. விளக்கோடு சேர்த்துத்தான் அணைந்தது. அணி தோற்றது. கேப்டன் திட்டவில்லை. "அடுத்த சனிக்கிழம இன்னொரு ஆட்டம் இருக்கு. அதுதான் கடைசி" என்று மட்டும் சொன்னாள்.

கணவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது. மறுநாள் காலை, குட்டி மார்க்கெட் போயிருந்தபோது, கடைக்கு ஓடினார். அவள் முதலில் கேட்ட அதே பவர் சப்ளையை வாங்கி வந்தார். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கதையையே எழுதியிருக்கமாட்டேன்.

அவள் வருவதற்குள் தானே மாட்டிவிட நினைத்தார். பழையதன் வயர்கள் பெட்டிக்குப் பின்னால் அழகாகக் கட்டி ஓடிக்கொண்டிருந்தன. இதை எதற்குப் பிரிப்பானேன் என்று வயர்களை அப்படியே விட்டுவிட்டு, சாதனத்தை மட்டும் கழற்றி, புதியதில் பழைய வயர்களைச் செருகினார்.

[செருகக்கூடாது. முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதியதற்கான வயர்கள் உறைகூடப் பிரிக்காமல் அட்டைப் பெட்டிக்குள் கிடந்தன.]

சுவிட்சைப் போட்டார். கருகிய வாடை வந்தது. எல்லாவற்றையும் சேமித்து வைத்திருந்த டிஸ்க் போய்விட்டது. மற்ற பாகங்களில் எது பிழைத்தது, எது போனது என்று இன்னும் தெரியாது.

"எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனே அக்கா" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

6.

இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டுப் பேசினாள்.

"அவர இவ்ளோ மோசமா எழுதாத. காலைலேருந்து சாப்பிடல."

"நீ சாப்பிட்டியா?"

"அத விடு" என்றாள்.

"திட்டினியாடி?"

"இல்ல."

"ஏன்?"

"திட்டினா அழுவாரு. அப்புறம் நான்தான் சமாதானப்படுத்தணும். அதுக்கு எனக்கு இப்ப தெம்பு இல்லக்கா."

இந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. [செய்தேனா இல்லையா என்று ஆராயவேண்டாம்.]

7.

முடிவுகள்.

அ. குட்டி சுத்தியலை எடுத்து அந்தக் கண்ணாடியை மூன்று பக்கமும்...

இதை எழுதும்போது எனக்குப் பரம திருப்தி. படித்துவிட்டு அவள் கேட்டாள்: "யாரு பெருக்கறது?"

ஆ. வெள்ளிக்கிழமை. வாசலில் மணி அடிக்கிறது. அக்கா நிற்கிறாள். கையில் கறுப்பு வலை போட்ட கேபினட், புது டிஸ்க், தேவையான அத்தனையும். எல்லாம் குட்டிக்குத் தெரியாமல் வாங்கியது. குட்டியின் கண் கலங்குகிறது. சனிக்கிழமை அணி ஜெயிக்கிறது.

இதைப் படித்துவிட்டு அவள் மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா" என்றாள் கடைசியில், "இதுலயும் எங்கிட்ட யாரும் கேக்கலையே?"

இ. ...

இல்லை. இ இல்லை. உங்களிடம் ஒன்று தயாராக இருக்கும், எனக்குத் தெரியும். மன்னித்துவிடட்டும், பிரிந்து போகட்டும், விளையாட்டை விட்டுவிட்டு உருப்படியாக ஏதாவது செய்யட்டும். கீழே வையுங்கள். அவளுக்காக முடிவு செய்ய ஏற்கெனவே நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், கடைக்காரரையும் சேர்த்து.

போனை மறுபடி எடுத்தேன். "குட்டி, நீ என்ன பண்ணலாம்னு இருக்க?" என்று கேட்டேன். அவள் சொன்னாள். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் நான் வாய் திறக்கவில்லை.

"இத எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.