மாலை போட்ட ஆடு

உத்தமபாளையம் போட்டோ ஸ்டூடியோவில் பவானி மேசைக்கடியில் படுத்து வயர் சொருகிக்கொண்டிருந்தாள். தும்மல் வந்தது. தலை மேசையில் இடித்தது.

"மெதுவா! மேல மானிட்டர் இருக்கு," என்றார் முதலாளி உமர் பாருக்.

உள்ளறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நிக்காஹ் படங்கள், மற்றதில் காதுகுத்து, சடங்குப் படங்கள். இன்டர்நெட் இணைப்போ ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் எடைக்குப் போக இருந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து முன்னால் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு கரண்டத் தின்னுக்கிட்டு?"

"வெளிய இருந்து யாரு கேட்டாலும் மொதல்ல இதுகிட்டத்தான் வருவாக பாய். இது உள்ள போயி, அவுகளுக்கு வேண்டிய படத்த வாங்கியாந்து குடுக்கும். ரிவர்ஸ் பிராக்ஸின்னு பேரு."

"பந்தியில பரிமாறுற ஆளுன்னு சொல்லு."

சவூதி தம்மாமில் லாரி ஓட்டும் முஜிபுர் ரஹ்மானுக்கு மகள் நிக்காஹுக்கு லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் அங்கிருந்தே படம் பார்ப்பதாக ஏற்பாடு.

"அவரு பாக்கலேன்னா நீ சனிக்கிழமை வர வேணாம்," என்று சொல்லியிருந்தார் பாருக்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போய், வந்தது. உடனே போன் அடித்தது. பாருக் ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், எம் மகளக் காணோம். மாலை போட்டு ஒரு ஆடு நிக்குது!"

"நல்லாப் பாருங்க மச்சான். தாடி வச்சிருந்தா மாப்பிள்ளையா இருக்கும்."

"கொம்பு இருக்கு மச்சான்!"

அது வீரணன் வீட்டுக் காதுகுத்துக் கிடா. பவானிக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் வந்தபோது உள்ளே இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களின் நெட்வொர்க் முகவரி எண்களும் இடம் மாறியிருந்தன. முன்னால் இருந்த கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே போய்க் கேட்டு, கிடைத்ததை வாங்கிக் கொடுத்திருக்கிறது. இனி மாறாதபடி எண்களைக் கட்டிவைக்கத் தொடங்கினாள்.

"வேலைக்காரப் புள்ள கொளப்பிருச்சு மச்சான்," என்று பாருக் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்பப் பாக்கச் சொல்லுங்க பாய்."

போனில் மூக்குறிஞ்சும் ஒலி கேட்டது.

"சிரிக்கிறா மச்சான்... எம் புள்ள சிரிக்கிறா."

பாருக் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, நாளைக்கு வந்துரு," என்றார் பவானியிடம்.

அடுத்த மாதம் வியாபாரிகள் சங்கத்தார் பொன்னாடையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஊரில் முதன்முதலாக இன்டர்நெட்டில் ஆல்பம் காட்டியவர் என்று பாருக்குக்குப் போர்த்தினார்கள். அவர் பழைய கம்ப்யூட்டர் மேல் கைவைத்து நிமிர்ந்து நின்றார். படம் எடுக்கக் கேமரா பவானியிடம் இருந்தது.

"ஏம்மா, ஒன் நெழலு எம் மேல விழுது. தள்ளிப் போ."

அவள் பின்வாங்கினாள்.

"இன்னும்."

படியிறங்கி வெயிலில், தெருவில் நின்று பவானி சொன்னாள்:

"எல்லாரும் சிரிங்க."