பெட்வே வீட்டுக் கீரை

வெர்லீன் டப்ஸுக்கு விவசாயம் தெரியாது. ஆனால் தெரியாது என்பதற்காக அவள் எதையும் செய்யாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. கார் அச்சு செய்யும் ஆலையில் வேலை கேட்டுப் போன அன்று, "சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவாயா?" என்று கேட்டதற்கு, "அதிலேதான் பிறந்தேன்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தவள். அன்றைக்கு ஒரு சுவர் இடிந்தது. மறுநாளிலிருந்து ஆலையை மூடும்வரை அவளைப்போல் ஓட்ட ஆளில்லை.

டெட்ராய்ட்டின் கிழக்கே டன்பிரிட்ஜ் தெருவில் அவள் வீடு. அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். ஆட்கள் போனார்கள், வீடுகளை இடித்தார்கள், முன்வாசல் படிகள் மட்டும் எங்கும் ஏறாமல் நின்றன. மூலைக்கடையில் மது உண்டு, சிப்ஸ் உண்டு. ஒரு கட்டுக் கீரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மனைகளில் நான்கு, மவுண்ட் டேபர் தேவாலயச் சபைக்குச் சொந்தம். லாரி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த ஒருவர் அவற்றை விலைக்குக் கேட்டு வந்தார். ராப்பகலாக லாரி உறுமினால் மிச்சமிருக்கும் நாலு பேரும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள் என்று வெர்லீனுக்குத் தெரியும். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"அதை எங்கிட்ட குடுங்க. நான் கீரை போடுறேன். இந்தத் தெரு சாப்பிடட்டும்."

சபைச் சொத்துகளைப் பார்த்துக்கொள்பவர் ஓர்லீன் கேடிஸ் அம்மாள். அவருடைய பெரிய தொப்பி ஒருமுறை அசைந்தால் தீர்ப்பு வந்துவிட்டதென்று அர்த்தம்.

"நல்லாப் பேசுற வெர்லீன். பேச்சை வேகவச்சா வயிறு நிறையுமா? அக்டோபர்ல வீடு திரும்பும் ஞாயிறு வருது. ஊரைவிட்டுப் போனவங்க வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சபைக்கு வர்றாங்க. அன்னிக்கு விருந்துல எட்டுப் பெரிய தட்டு கீரை. அத்தனையும் அந்த மண்ணுலேர்ந்து வரணும். ஒரு கட்டு கடையில வாங்கினேன்னு வை, நிலம் லாரிக்காரருக்கு."

"ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவீங்க சிஸ்டர்" என்றாள் வெர்லீன்.

வீடுகள் நின்ற இடமெல்லாம் செங்கல். ஆகவே மனைகளின் முன்பக்கமும் பின்பக்கமும் கொத்தி, கடுகுக்கீரை விதைத்தாள். கீரை அவளைப்போலவே யாரையும் கேட்காமல் வளர்ந்தது. வேலி போடவில்லை. 'உனக்கில்லை' என்று தெருவிடம் சொல்வதற்கா இவ்வளவு பாடு?

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, குதிரை எருவோடு திரும்பி வந்தவளுக்குத் தெருமுனையிலேயே பச்சைக் கடுகு வாசம் மூக்கில் ஏறியது. பக்கத்து வீட்டு ஹோசியா க்ரச்சர், கஞ்சி போட்ட சட்டையோடு, சபை மனைகளில் ஒன்றான, பெட்வே குடும்பம் விட்டுப்போன மனையில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போனவர்கள் நாளைக்கே சாவியோடு வந்து நிற்கப்போவதுபோல, சனிக்கிழமை தவறாமல் காலி மனைகளையெல்லாம் வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பவர். நான்கு மனைகளிலும் முன்பக்கக் கீரை மொட்டையாகக் கிடந்தது.

"மிஸ்டர் க்ரச்சர்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? அது புல்லா?"

அவர் இயந்திரத்தை அணைத்தார். "கீரைன்னு தெரியும். இத்தனை சனிக்கிழமை சுத்தி வெட்டினேன், இன்னிக்கு மனசு கேக்கல, தெரிஞ்சேதான் வெட்டினேன். முன்வாசல்ல பாத்தி கட்டுவாங்களா? டெலோரிஸ் பெட்வே வந்து பார்த்தா என்ன நினைப்பா?"

"டெலோரிஸ் போயி பன்னெண்டு வருஷமாச்சு! வீடே இல்ல, வாசலுக்கு என்ன மானம்?"

"எங்கம்மா தெக்க அலபாமாவுல பருத்தி எடுத்தவ" என்றார் க்ரச்சர். குரல் உயரவில்லை. "நடக்கக் கத்துக்கிட்டதுலேர்ந்து குனிஞ்ச முதுகு. இங்க வந்து வீடு வாங்கினதும் முதல் வேலையா முன்னால புல்லு போட்டா. யாரும் பறிக்க வேண்டாத, யாரும் திங்க வேண்டாத புல்லு. சாயங்காலம் நாற்காலியில உக்காந்து அதைப் பார்ப்பா. அதுக்குத்தாம்மா அவங்கல்லாம் வடக்க வந்தாங்க. நீ என்னடான்னா வாசப்படி வரைக்கும் வயலைக் கூட்டிட்டு வர்ற."

வெர்லீன் எரு மூட்டையைக் கீழே வைத்தாள். அவளுடைய பாட்டனாரும் ஜார்ஜியா வயலிலிருந்து வந்தவர்தான். கோபம் கோபமாகவே இருந்தது. ஆனால் அந்த மனிதர் சொன்னதில் பொய் இல்லை.

ஓர்லீன் அம்மாளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இயந்திரம் நின்றுவிடும். நிலம் சபையுடையது. இரண்டு தடவை போனை எடுத்தாள், இரண்டு தடவையும் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு தெருவைக் காப்பாற்றினேன் என்றால், அது எந்தத் தெரு?

இடையில் ஒரு நல்ல மழை பெய்தது. வெட்டுப்பட்ட தண்டுகள் பக்கத்துக்கு ஒன்றாகத் துளிர்த்தன. அதைப் பார்த்து நடுத்தெருவில் நின்று கைதட்டியவள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் க்ரச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"முன்பக்கம் உங்களுது. தெருவுலேர்ந்து படி வரைக்கும் புல்லு. படிக்குப் பின்னால நானு. சரியா?"

"மறுபடி துளிர்த்திருக்கே" என்றார் அவர். பார்த்திருக்கிறார்.

"துளிர்த்திருக்கு. நாளைக்கு வெட்டிடுங்க."

சனிக்கிழமை அவர் வெட்டினார். ஜன்னலோரம் நின்று பார்த்த வெர்லீன் அழுதாள். அழுதுகொண்டே, "பின்பக்கம் போதும், தாராளமாப் போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போதவில்லை. விருந்துக்கு முந்தின நாள் தெருப் பெண்கள் வந்து பறித்துக் கொடுத்தார்கள், அவள் வீட்டுக் குளியல் தொட்டியில் மூன்று தண்ணீர் மாற்றி அலசினார்கள். மலைபோல் குவிந்த கீரை, புகையிட்ட வான்கோழிக் கழுத்தோடு வெந்து அடங்கியபோது ஐந்து தட்டுதான் நிறைந்தது. கீரை வெந்தால் குறுகும் என்பதைக் கணக்கில் வைக்காமல் சவால் விட்டவள் உலகத்திலேயே வெர்லீன் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஞாயிறன்று ஐந்து தட்டுகளோடு, நிமிர்ந்த தலையோடு சபைக் கூடத்துக்குப் போனாள். மேஜையில் ஏற்கெனவே மூன்று தட்டுக் கீரை இருந்தது. பக்கத்தில் க்ரச்சர், கோட்டும் டையுமாக. விரல் நகங்களில் மட்டும் மண்.

"யார் சமைச்சது?"

"அஞ்சு தட்டுதான்னு தெரு பூரா பேச்சு, பேசாம உக்காரு" என்றார் அவர்.

ஓர்லீன் அம்மாள் எட்டுத் தட்டிலும் ருசி பார்த்தார். ஆறாவதில் முள்கரண்டி நின்றது. "இது ப்யூலா க்ரச்சரோட கீரை. செத்துப்போனவ கீரை எப்படி மேஜைக்கு வந்துச்சு?"

"அம்மா போட்டது, தானா விதை விழுந்து இன்னும் வருது" என்றார் க்ரச்சர். "என் வீட்டுப் பின்பக்கம்."

வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை. "உங்க வீட்டுலயே கீரையா! எனக்கு அவ்வளவு பாடம் நடத்தினீங்களே!"

"பின்பக்கம்மா, பின்பக்கம்! முன்னால கண்ணுக்கு, பின்னால வாய்க்கு. இதுகூடவா தெரியாது?"

கூடம் சிரித்தது. ஓர்லீன் அம்மாள் சிரிக்கவில்லை. "ருசி இருக்கட்டும் ஹோசியா. சபை மண்ணுலேர்ந்துன்னு சொன்னேன். உன் மண்ணு உன் மண்ணுதான். நான் சொன்ன சொல்லை மாத்தறவ இல்ல."

வெர்லீன் தன் ஐந்து தட்டுகளையும் பார்த்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

"ஒரு நடை வந்து பாருங்க சிஸ்டர்" என்றார் க்ரச்சர்.

பாதி சபை தட்டும் கையுமாகப் பின்னாலேயே வந்தது. பெட்வே மனைக்கும் க்ரச்சர் வீட்டுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு நின்ற பலகை வேலியைக் காணோம். பலகைகள் அடுக்கிக் கிடந்தன. தூண்கள் நின்ற குழிகளில் புதுமண். பறித்தது போக எஞ்சிய இளங்குருத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பச்சையாக நின்றது.

"என் பின்பக்கம் இனி இதோட சேர்ந்தது. எது சபை மண்ணு, எது என் மண்ணுன்னு நீங்களே காட்டுங்க" என்றார் அவர்.

ஓர்லீன் அம்மாள் பாத்தியை ஒரு சுற்று சுற்றி வந்தார். தட்டில் மிச்சமிருந்த கீரையை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். தொப்பி அசைந்தது. "லாரிக்காரருக்கு நானே போன் பண்றேன். ரெண்டாவது தட்டு யார் கொண்டுவர்றது?"

வெர்லீன் கத்திய கத்தலில் அடுத்த தெரு நாய்கள் குரைத்தன. அந்த ஆரவாரத்தில் முன்பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குரல் க்ரச்சருக்கு மட்டும் கேட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து விருந்துக்கு வந்த டெலோரிஸ் பெட்வே, எங்கும் ஏறாத தன் வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வாசல் அப்படியே இருக்கே!" என்று பக்கத்திலிருந்த மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தப் புல்லை யாரு பார்த்துக்கறா?"

க்ரச்சர் அந்தப் பக்கம் திரும்பாமல் அடுக்கிய பலகைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். வெர்லீன் அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் போய் நின்றாள்.

"இந்தப் பலகையை என்ன செய்யப் போறீங்க?"

"பெஞ்சு அடிக்கணும்" என்றார் அவர். "முன்னால போடணும். புல்லைப் பார்த்த மாதிரி."