செமிலிங் கறி மீ

மலேசியாவில், பீடோங் கடைத்தெருவில் கவுஸ் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மதியத்தில் போனால் உட்கார இடம் கிடைக்காது. அங்கே மீன்தலைக் கறி கொதித்தால் எதிர்ச்சாரியில் இருப்பவனுக்கும் பசியெடுக்கும். அப்படிப்பட்ட கவுஸின் மனைவி ஷம்சியாவுக்குத்தான், பாருங்கள், ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மூன்று மாதக் கர்ப்பம். கடைக்கு மேல்மாடியில் குடித்தனம். கஞ்சி, ரொட்டி, எதைக் கொண்டுபோய் வைத்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள். எடை இறங்கிக்கொண்டே போனால் வார்டில் படுக்க வைக்க வேண்டியதுதான் என்று கிளினிக் நர்ஸ் சொல்லிவிட்டார்.

அன்று அவளோடு கிளினிக் போன கவுஸின் தங்கை அஃபிரா, திரும்பியதும் நேரே கல்லாவுக்கு வந்தாள்.

"அண்ணே, மச்சி சாப்பிட்டாங்க! வர்ற வழியில, செமிலிங்ல ஸல்மா அக்கா கடையில கறி மீ. சூப்பைக்கூட விடல."

"கறியா? காரம் ஒத்துக்கிச்சா?"

"காரமே இல்ல லா. குழம்பு வெளுப்பா இருக்கு."

கவுஸுக்குச் சந்தோஷத்தோடு ஆச்சரியமும் வந்தது. நூடுல்ஸ் மிதக்கும் வெளுத்த குழம்பில் அப்படி என்னதான் இருக்கும்? தெரிந்துகொண்டால் தானே ஆக்கிக் கொடுக்கலாமே.

மறுநாள் காலைச் சமையலை முடித்த கையோடு செமிலிங் போனான். சாலையோர மரத்தடியில் நாலைந்து மேசைகள், ஆவி பறக்கும் ஒரு பெரிய சட்டி. ஸல்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் ஒரு சிறு தட்டில் சிவக்கச் சிவக்க மிளகாய்ச் சம்பல். சோற்றில் நாலு குழம்பை ஒன்றாக ஊற்றிக் கொடுத்தே பழகிய கை சும்மா இருக்குமா? சம்பலை மொத்தமாகக் கவிழ்த்துக் கலக்கிவிட்டான்.

"ஒரு வாய் குடிச்சுப் பாக்காமலே கொட்டிட்டீங்களே, தம்பி! என் சூப்பு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

கவுஸ் அசடு வழிந்தான். இன்னொரு கிண்ணம் வந்தது. இந்த முறை வெறும் சூப்பைக் கரண்டியில் எடுத்து உறிஞ்சினான். முதலில் தேங்காய்ப்பால். அதன் பின்னால் மல்லி, துளிச் சோம்பு. கடைசியில் காய்ந்த இறாலின் இனிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. தொண்டையைச் சுடாமல் இறங்கி, வயிற்றில் இதமாக உட்கார்ந்தது. அட, இவ்வளவுதானா! ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

"அக்கா, ஒண்ணு கட்டிக் குடுங்க. சம்பல் வேணாம்."

சூடு ஆறுமுன் மாடிக்கு ஓடினான். ஷம்சியா பொட்டலத்தைப் பிரித்தாள். கரண்டி வாய்க்குப் போகுமுன் எழுந்து ஓடினாள்.

"அதே சூப்புதான் புள்ள! அதே அக்கா, அதே சட்டி!"

குளியலறைக்குள் இருந்து அழுகைதான் கேட்டது. கவுஸுக்குத் தலை சுற்றியது. அங்கே இறங்கியது இங்கே ஏன் இறங்கவில்லை?

அடுத்த நாள் அவளையே காரில் அழைத்துப் போனான். வழி முழுக்க அவள் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டியிருந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து மீயை அள்ளி அள்ளி உண்டாள். கவுஸுக்கு மனம் நிறைந்துவிட்டது. அவள் தாடையில் வழிந்த சூப்பைத் துடைக்கக் கை நீட்டினான். அவள் சட்டென்று பின்னால் சாய்ந்தாள்.

"மச்சான், கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்."

"ஏன்?"

கிண்ணத்தைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்: "உங்க சட்டையில நம்ம கடை வாசம். மாடியிலயும் அதுதான். தலகாணியிலகூட."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்க அத்தா வச்ச கடை. ஊரே அந்த வாசத்துக்கு வரிசையில நிக்குது. பொண்டாட்டிக்குக் கொமட்டுதுன்னா உங்க மனசு தாங்குமா?"

கவுஸ் சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கையை முகர்ந்தான். அதிலும் ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

விருட்டென்று எழுந்தான். கோபமோ என்று அவள் பயந்து பார்த்தாள். அவன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, கடைசி மேசையில் போய் உட்கார்ந்தான். அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"அஃபிரா வீட்டுப் பின்னறை சும்மாதானே கிடக்கு! வாந்தி நிக்கிற வரைக்கும் அங்க இருக்கியா?"

"நீங்க?"

"தினம் குளிச்சிட்டு அங்க வர்றேன் லா!"

"சவுக்காரம் நிறையப் போட்டுக் குளிங்க, தம்பி!" என்றார் ஸல்மா.

ஷம்சியாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தலையில் தானே தட்டிக்கொண்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மிச்சச் சூப்பைக் குடித்தாள்.