பெட்டிக்குள் ஒரு காலுறை

“வகிடு நிக்கவே மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டே அம்மா சீப்பை மறுபடியும் தண்ணீரில் நனைத்தாள்.

அடக்கத்துக்காகக் கட்டிலில் கிடத்தியிருந்த ஹார்ரோவின் தலையில் அரை விரற்கடை முடிதான் இருந்தது. சிறையில் மழித்து அனுப்பியிருந்தார்கள். ஜூன் மாதம் வரை அவன் முடி சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் தடவிப் பின்னால் வாரிவிட்டு, மழையில்லாத நாளிலும் குடையைக் கையில் தொங்கவிட்டபடி வெளியே போவான்.

“ரெண்டு நாள்ல விட்டுடுவோம்னுதானே சொன்னாங்க” என்றாள் அம்மா, சீப்பிடம் சொல்வதுபோல. “ரெண்டே நாள்.”

கெசீனே அண்ணனின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா கறுப்புக் கோட்டோடு, தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றார். உள்ளே வரவில்லை. எப்படி வருவார் என்று நினைத்துக்கொண்டாள். ஹார்ரோ திரும்பி வந்த மூன்று வாரத்தில் அவரிடம் அவள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை அவளுக்கு வரிவரியாக நினைவிருந்தது. “முடியை வெட்டு, இல்ல வீட்டை விட்டுப் போ. அந்த அமெரிக்கக் கூத்தை இனி ஒரு தடவை கேட்டேன், நானே போலீஸ்ல போய்ச் சொல்லிடுவேன்” என்று அப்பா மேசையைத் தட்டினார். வியாழக்கிழமை காலை ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். “சனிக்கிழமை ராத்திரி படகுக் கொட்டகையில ஆடுறவன் நீதானே?” அவ்வளவுதான் கேட்டார்கள். ஆல்ஸ்டர் ஏரிக்கரைக் கொட்டகையைப் பற்றி அவன் நண்பர்களை விட்டால் இந்த வீட்டில்தான் தெரியும். நண்பர்களில் வேறு யாரையும் அன்று பிடிக்கவில்லை.

இசைத்தட்டுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். ராணுவ அணிவகுப்பு, தேவாலயக் கீதம், மறுபடி அணிவகுப்பு. வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஆறு தட்டுகளின் லேபிள் பொய்; உள்ளே இருந்தது தடைசெய்யப்பட்ட அமெரிக்க நடன இசை. பழைய தட்டுகளிலிருந்து ஊறவைத்து உரித்த லேபிள்களை ஹார்ரோ கோதுமைப் பசையால் மேலே ஒட்டியிருந்தான். அது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

அவன் இறப்பதற்கு நான்கு நாள் முன்னால், காட்டிக்கொடுத்தது யார் என்று அவளே கேட்டாள். ஹார்ரோ வெகுநேரம் இருமினான். பிறகு சொன்னான்: “யாருன்னு தேடாத கெசீ. தெரிஞ்சுட்டா அப்புறம் இந்த வீட்டு மேசையில உக்காந்து சாப்பிட முடியாது.”

அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றிலிருந்து அவள் மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்காருவதில்லை.

ஓல்ஸ்டோர்ஃப் கல்லறைத் தோட்டத்தில் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அப்பா மூன்று முறை மண் போட்டார். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். குளிராகவும் இருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

வழக்கப்படி அடக்கத்துக்குப் பிறகு வீட்டில் வெண்ணெய்க் கேக். கட்டடத்தின் எல்லா வீட்டுக்காரர்களும் ரேஷன் சீட்டில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்ததில் ஒரு தட்டு தேறியது. காபி வறுத்த பார்லிதான். கட்டடத்தைக் கண்காணிக்கும் ஆளுங்கட்சிப் பொறுப்பாளர் ப்ரூன்ஸ், சட்டையில் சின்னத்தோடு வந்து, கேட்காமலே பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி வந்ததிலிருந்து அம்மாவின் கையை விடவில்லை. அம்மா அந்தக் கையைப் பார்க்கவும் இல்லை.

“என்ன டிம்மான், சாவு வீடுன்னா இப்படியா ஊமையா இருக்கும்? நல்லதா ஒரு பாட்டு வைங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ப்ரூன்ஸ் எழுந்து அலமாரிக்குப் போனார். விரலால் இசைத்தட்டுகளைத் தள்ளி, இடமிருந்து மூன்றாவதை உருவினார். “அட, குதிரைப்படை அணிவகுப்பு! பையன் இதெல்லாம் கேட்டிருக்கானே. அப்ப முழுசா கெட்டுப்போகல.”

கெசீனே கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தத் தட்டில் குதிரையும் இல்லை, படையும் இல்லை. அவள் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“அது தேஞ்சுபோனது. ஊசி தாவும்.” ப்ரூன்ஸின் கையிலிருந்து அதை வாங்கித் திரும்ப வைத்தார். அவர் விரல் அடுத்த இரண்டு தட்டுகளைத் தொடாமல் தாண்டி, ஆறாவதை எடுத்தது. அது உண்மையான கீதம். தாண்டிய இரண்டும் பொய் லேபிள்கள்.

அவருக்குத் தெரியும். எது எதென்றே தெரியும். தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

கிராமபோன் பெட்டியிலிருந்து கீதம் போர்வைக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

“என்னய்யா, பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்கா?” என்றார் ப்ரூன்ஸ்.

“பழைய பெட்டி” என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. ப்ரூன்ஸ் இரண்டாவது துண்டுக் கேக்கை எடுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு எல்லோரும் போனார்கள். அம்மா பாத்திரங்களோடு சமையலறைக்குள் போனதும், கெசீனே மூன்றாவது தட்டை உருவி ஜன்னலோரம் கொண்டுபோனாள். லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அங்கே ஒரு சுருக்கம் இருக்க வேண்டும். ஹார்ரோ ஒட்டியபோது பசை கட்டிதட்டி எழும்பிய மேடு. எத்தனை அழுத்தியும் போகவில்லை என்று இருவரும் சிரித்திருக்கிறார்கள். “இத ஒரு குருடன்கூடக் கண்டுபிடிச்சிடுவான்” என்பான்.

சுருக்கம் இல்லை. ஓரம் தட்டோடு தட்டாகப் படிந்திருந்தது. மற்ற ஐந்தையும் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அப்படியே. மூக்கருகே கொண்டுபோனாள். காய்ச்சிய எலும்புப் பசையின் மெல்லிய வாடை. இருபத்தைந்து வருடமாகப் புத்தகம் பைண்டு செய்யும் அப்பாவின் கோட்டில், சட்டையில், அவர் உட்காரும் நாற்காலியில் இருக்கும் வாடை.

சண்டைக்கு மறுநாள் தட்டுகள் அலமாரியில் இல்லை. அப்பா உடைத்துவிட்டார் என்று ஹார்ரோ சுவரில் குத்திக் குத்தி அழுதான். அதற்கு அடுத்த காலை அவை அதே வரிசையில் இருந்தன. மிரட்டிப் பார்க்கிறார் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். இடைப்பட்ட இரவில் அப்பா பட்டறையில் லேபிள்களை ஒவ்வொன்றாக ஈரப்படுத்தி, உரித்து, ஒட்டி, பலகைக்கடியில் வைத்து அழுத்தியிருக்கிறார். போலீஸ்காரனின் விரலும் இதே ஓரத்தில்தான் போய்வந்தது.

அப்படியானால் காட்டிக்கொடுத்தது யார்?

காலையில் அம்மா சொன்னது: ‘ரெண்டு நாள்ல விட்டுடுவோம்னுதானே சொன்னாங்க.’

அந்த வியாழக்கிழமையை அவள் முதலிலிருந்து மறுபடி பார்த்தாள். வந்தவர்கள் விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் முழு நேரமும் வாசலில் நின்றிருந்தாள். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. பிறகு எந்த அலுவலகமும் யாருக்கும் பதில் சொன்னதில்லை. அப்படியென்றால் ரெண்டு நாள் என்று சொன்னது எப்போது? யாரிடம்?

அப்பா எதிரில் வந்து நின்றிருந்தார். அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

“ப்ரூன்ஸ் பொண்டாட்டிதான் உங்கம்மாவைப் போலீஸ்கிட்ட கூட்டிட்டுப் போனா” என்றார் மெதுவாக. “ரெண்டு அதட்டு அதட்டி, முடியை வெட்டி அனுப்புவாங்கன்னு. சண்டை ஓயுமேன்னு நெனச்சிருக்கா.”

சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஹார்ரோவுக்குத் தெரியுமா?”

“விசாரணையில சொல்லியிருக்காங்க. சிரிச்சுக்கிட்டே.”

“நீங்க ஏம்ப்பா ஒரு வார்த்தை...”

“என்னைத்தானே நெனச்சிட்டிருந்த?”

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

“அப்படியே நெனச்சுக்க” என்றார் அப்பா. “உனக்குத் தெரிஞ்சதுன்னா அம்மாவால தாங்க முடியாது.”

தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, இடமிருந்து மூன்றாவது இடத்தில் வைத்தார். வரிசையை உள்ளங்கையால் ஒருமுறை நேராக்கினார்.

தண்ணீர் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் பார்க்காமல் கிராமபோன் பெட்டியின் வாய்க்குள் கையை விட்டு, சத்தம் வெளியே போகாமலிருக்க ஹார்ரோ திணித்துவைத்திருந்த சாம்பல்நிறக் கம்பளிக் காலுறையை உருவினாள். அவள் பின்னியதுதான்.

“சோடியில இந்த ஒண்ணைத்தான் ரொம்ப நாளா தேடிட்டிருந்தேன்” என்றாள்.

அதைத் தொட்டியில் இரண்டு முறை அலசிப் பிழிந்தாள். அடுப்புக்கு மேலிருந்த கம்பிக்கு அவள் கை எட்டவில்லை. கெசீனே போய் அதை வாங்கி, கம்பியில் போட்டாள். கொஞ்ச நேரத்துக்கு அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சூடான இரும்பின் மேல் விழுந்து, சத்தமிட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளை வைத்தாள். கெசீனே அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.