டிப்போவில் தங்கிய ஏரி

ஊருக்கு மேற்கே இருந்த ஏரி ஒரு சாயங்காலம் எழுந்து, கடைத்தெரு வழியாக நடந்து, பஸ் டிப்போவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வழியில் யாரையும் இடிக்கவில்லை. எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்கி வழிவிட்டது. தையல்காரர் வாசலில் தொங்கிய துணிகளில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. டிப்போவிலும் டீசல் அறையை விட்டுவிட்டு, பஸ்கள் நிற்கும் இடத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குப் பரவி நின்றது. காரணம் மறுநாளே தெரிந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் நில ஆமை ஒன்றைக் கொண்டுபோய் ஏரியில் போட்டிருக்கிறார். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. ஏரிக்கோ ஓர் உயிரை மூழ்கடித்த பழி வேண்டாம். வந்த விருந்தாளியை வெளியே போ என்று சொல்வது மரியாதை இல்லையென்று ஏரியே வெளியேறிவிட்டது. மீன்கள் கூடவே போயின. மற்ற ஆமைகளுக்கு அந்த வேகம் வராததால் அவை சேற்றிலேயே தங்கிவிட்டன.

அந்தப் புண்ணியவான் இரண்டாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். கல்குவாரி ரோட்டோரம் வெயிலில் ஓர் ஆமை ஊர்ந்துபோவதைப் பார்த்து, ஐயோ பாவம், தண்ணீருக்குத் தவிக்கிறதே என்று பஸ்ஸை நிறுத்தி, மடியில் வைத்துக் கொண்டுவந்து ஏரியில் விட்டான். பஸ்ஸில் இருந்த வெளியூர்ப் பயணிகள் கைதட்டிவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஊரில் வேறு யார் இதைச் செய்திருந்தாலும் பாதகமில்லை. இவன் செய்திருக்கக் கூடாது. ஏனென்றால் இவன் மனைவிக்குக் காட்டிலாகாவில் ஆமைகளை இனம் பிரித்துச் சொல்வதுதான் உத்தியோகம். ஊரே அவளை ஆமையம்மா என்றுதான் கூப்பிடும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் ஆரம்பத்தில் முணுமுணுத்துப் பார்த்தாள். "ஆமை புகுந்துதான் அத்தை இந்த வீட்டுல உலை கொதிக்குது" என்று மருமகள் சொன்னபிறகு பழமொழி வாயை மூடிக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கணவனுக்கு ஆமைப் பாடம் நடக்கும். "ஓட்டைப் பாக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. காலைப் பாருங்க." விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் தண்ணீர் ஆமை. கால் தூண் மாதிரி, சவ்வில்லாமல் இருந்தால் நில ஆமை. பாலாமை என்றால் ஓடு தோல்போல மெத்தென்றிருக்கும், பின்கால்களை இழுத்துக்கொண்டு மடலால் கதவு சாத்திக்கொள்ளும். அவன் "ம்" கொட்டினான். பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்கே போய்விட்டார்கள், "ம்" மட்டும் நிற்கவில்லை. மனைவி என்றால் அவனுக்கு உயிர். அவள் குரல் கேட்காவிட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்காது. ஆனால் குரல்தான் உள்ளே போனதே தவிர, அவள் சொன்ன சங்கதி ஒன்றும் போகவில்லை.

டிப்போவில் கண்டக்டர்கள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு டிக்கெட் கொடுத்தார்கள். ஒரு கெளுத்தி மீன் ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தது. ஏரி போகாவிட்டால் பஸ்களைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் அறிவித்தார். அந்த நில ஆமையைத் தேடி எடுக்க ஆமையம்மா ஊரைத் திரட்டிக்கொண்டு ஏரி இருந்த இடத்துச் சேற்றில் இறங்கினாள். அங்கே கிடந்த ஆமைகள் எல்லாம் தலையையும் காலையும் உள்ளே இழுத்து, மேலே சேறு அப்பி, ஒரே அச்சில் பிடித்த மண்ணுருண்டைகளாக இருந்தன. ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும் போலிருந்தது. டிரைவர் மட்டும் நாலைந்து உருண்டைகளைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். மடியில் வைத்துக் கொண்டுவந்தவனுக்கு அதன் கனம் தெரியாதா? கழுவிப் பார்த்தால் நில ஆமை. ஆமையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷம் சொன்னது வீண்போகலை. காலைக்கூடப் பாக்காம சொல்லிட்டார் பாருங்க என் வீட்டுக்காரர்!" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். அவள் இவ்வளவு பெருமைப்பட்டு அவன் பார்த்ததே இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றான்.

ஆமையை எடுத்தும் ஏரி திரும்பவில்லை. ஆமையம்மா டிப்போவுக்குப் போய்த் தண்ணீரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். ஏரிக்கு மனத்தாங்கல் என்றாள். வகை தெரியாமல் போட்டவரே வந்து வகையைச் சரியாகச் சொன்னால்தான் கிளம்புமாம். யாரும் வரவில்லை. தண்ணீரில் எண்ணெய் படர்ந்து மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. டிரைவர் ஒவ்வொரு டிரிப்புக்கும் நடுவே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனான். சொன்னால் மனைவியின் முகத்தில் இருக்கும் அந்தப் பெருமை போய்விடும். சொல்லாவிட்டால் ஊருக்கு ஏரியே இல்லாமல் போய்விடும். கடைசியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லாரும் பார்க்க, தண்ணீரில் இறங்கி நின்றான்.

"போட்டது நான்தான். நீ சொன்னது எதுவுமே என் காதுல ஏறலை. உன் குரலை மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

ஆமையம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஆமையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவன் முதல்முறையாகக் காலைப் பார்த்தான். தூண் மாதிரி, விரலுக்கு நடுவே சவ்வில்லாமல் இருந்தது. "நில ஆமை" என்றான். ஏரி பெருமூச்சு விட்டு, மீன்களை எண்ணிச் சேர்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

ஏரி சமாதானமானது, மனைவி ஆகவில்லை. அன்று சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மறுநாள் ஆமையை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். அந்த இடம் அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அவளும் பஸ்ஸில் ஏறி, ஆமையை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். குவாரி ரோட்டில் இறக்கிவிட்டதும் ஆமை யாரையும் திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது. அவளும் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடந்தாள். டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தான். புதரடியில் மேடாக ஏதோ தெரிந்தது. "இங்க பாரேன், இன்னொண்ணு! இதுவும் நில ஆமைதான்!" என்று கத்தினான்.

அது ஒரு கல். பாசி படர்ந்த, அசல் உருண்டைக் கல். கண்டக்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். பயணிகள் மரியாதையாக வானத்தைப் பார்த்தார்கள். டிரைவருக்கே அடுத்த நொடியில் புரிந்து காது சிவந்துவிட்டது. ஆமையம்மா திரும்பி வந்து, குனிந்து, "கால் எங்க?" என்றாள். கல் கொஞ்சம் யோசித்தது. மனுஷனின் மானம் போகிறதே என்று பார்த்து, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகக் கால்களை வெளியே நீட்டியது. தூண் மாதிரி கால்கள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு, விரலிடுக்கில் சவ்வு உண்டா என்று நிதானமாகச் சோதித்தாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க," என்றாள். "நில ஆமை."

பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் பேச்சை நிறுத்தவில்லை. கல் அந்தப் பக்கமே மேய்ந்துகொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் நடை கொஞ்சம் தடுமாறியது, இப்போது பழகிவிட்டது.